கடைசி இடம் கேட்கும் நம் ஊர் ரசிகர்களுக்கு

தென்காசி, குற்றாலம், மேலகரம், இலஞ்சி, செங்கோட்டை என்று நம் வட்டாரத்தில் சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டை மாட்டித் திரியும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் அண்ணாச்சிமாருக்கும் இந்த மடல்.

அடுத்த ஐபிஎல் தொடங்கப் போகிறது. முதல் பந்து விழுவதற்கு முன்னால் உங்களிடம் ஒரு விஷயத்தைப் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

2025 மே மாதம் முழுக்க உங்களிடம் ஒரே பேச்சுதான். "இனிமே ஜெயிச்சு என்னத்துக்குடே? மிச்ச மேட்சையும் தோத்துட்டு கடைசிக்கே போவட்டும். அப்பதான் டீமை அடியோட மாத்துவாங்க. நல்ல பிளேயரா வருவான்." டீக்கடையில் இதைச் சொன்னீர்கள், சலூனில் சொன்னீர்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டீர்கள். மே 25ஆம் தேதி அகமதாபாத்தில் குஜராத்தை 83 ரன் வித்தியாசத்தில் நம் ஆட்கள் சாய்த்தபோது நான் இருந்த இடத்தில் ஒரு விசில்கூட எழவில்லை. "இப்ப போயி ஜெயிக்கானுவ பாரு" என்று ஒரு தம்பி சலித்துக்கொண்டு எழுந்து போனான். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் நாலைந்து பேர் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயித்த அணியின் ரசிகர்கள் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று அந்தப் பையன்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உங்கள் கோபம் நியாயமானது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் நம்மை ஜெயித்தே இராத பெங்களூரு அணி மார்ச் 28 அன்று நம்மை அங்கே வைத்து 50 ரன்னில் தோற்கடித்தது. ஏப்ரல் 5 அன்று டெல்லி, 2010க்குப் பிறகு முதல் முறையாக. ஏப்ரல் 11 அன்று கொல்கத்தாவுக்கு எதிராக இருபது ஓவரும் ஆடி 103 ரன். அந்த ஆட்டத்தைப் பார்ப்பதற்காகப் பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போய், மறுநாள் அதே வண்டியில் வாய் பேசாமல் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். ஏப்ரல் 25 அன்று ஐதராபாத் அந்த மைதானத்தில் நமக்கு எதிரான தன் முதல் வெற்றியை எடுத்துக்கொண்டது. ஏப்ரல் 30 அன்று பஞ்சாபிடம் தோற்று, பிளேஆஃப் கதவும் சாத்தியாயிற்று. பதினான்கு ஆட்டத்தில் நான்கே வெற்றி. அணியின் சரித்திரத்திலேயே முதல் முறையாகப் பட்டியலில் கடைசி இடம். இதைப் பார்த்துக் கோபம் வராவிட்டால் அவன் ரசிகனே இல்லை. பவர்பிளேயில் ஏன் இந்த நிதானம் என்று கேளுங்கள். ஏலத்தில் அத்தனை கோடியை எதற்கு எங்கே கொட்டினீர்கள் என்று கேளுங்கள். தமிழ்நாட்டுப் பையன்களுக்கு ஏன் இன்னும் அதிக இடமில்லை என்று கேளுங்கள். உரக்கவே கேளுங்கள், நானும் உங்களோடு கேட்கிறேன்.

ஆனால் தோல்வியை வேண்டுவது கோபம் அல்ல. அது கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களில் பலருக்கே தெரியும். அமெரிக்காவில் அவர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் விளையாட்டின் என்எஃப்எல் லீக்கில் 1936 முதல் டிராஃப்ட் என்று ஒரு முறை இருக்கிறது. கல்லூரியிலிருந்து வரும் இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். முந்தைய சீசனில் கடைசியாக வந்த அணிக்கே முதல் வாய்ப்பு. நலிந்த அணி நிமிரட்டும் என்று செய்த ஏற்பாடு அது. நாளடைவில் அங்கே ரசிகர்களே தங்கள் அணி தோற்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு யூடியூப் வழியாக, ரீல்ஸ் வழியாக நம் தென்காசி வரை வந்துவிட்டது. பேச்சு வந்தது, டிராஃப்ட் வரவில்லை. ஐபிஎல்லில் கடைசி அணிக்கு முதல் தேர்வு என்று எந்த விதியும் கிடையாது. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த மெகா ஏலத்தில் பத்து அணிக்கும் உச்சவரம்பு ஒரே 120 கோடி. சாம்பியனுக்கும் அதுதான், கடைசி அணிக்கும் அதுதான். பிறகு வரும் சின்ன ஏலங்களில் கையிருப்பு கூடுவதும் குறைவதும் யாரை விடுவிக்கிறோம், யாரை வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது.

2025 டிசம்பரில் நடந்த அபுதாபி ஏலத்தை நினைத்துப் பாருங்கள். கடைசியாக வந்த நாம் 43.40 கோடியோடு போனோம். எட்டாவதாக வந்த கொல்கத்தா 64.30 கோடியோடு வந்து உட்கார்ந்தது, ஏனென்றால் அவர்கள் விலை கூடிய ஆட்களை விடுவித்திருந்தார்கள். நாம் விட்ட பந்துவீச்சாளர் பதிரனாவையே 18 கோடிக்கு அவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்று இரண்டு இளைஞர்களை நாம் எடுத்தோம், ஆளுக்கு 14.20 கோடி. அடிப்படை விலை 30 லட்சம். மற்ற அணிகள் போட்டி போட்டுக் கையைத் தூக்கியதால்தான் விலை அங்கே போய் நின்றது. "நீங்கள் கடைசி, நீங்கள் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. சஞ்சு சாம்சன் வந்தது ஜடேஜாவையும் சாம் கரணையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்த பரிமாற்றத்தில். நீங்கள் வேண்டிக்கொண்ட அந்தப் பத்தாம் இடம் இதில் எதையும் வாங்கித் தரவில்லை.

"அண்ணே, 2020ல ஏழாவது வந்தோம், 2021ல கப்பு. 2022ல ஒன்பதாவது வந்தோம், 2023ல கப்பு. அப்ப தோத்தாத்தான கப்பு வருது?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இதற்குப் பதில் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் நான் உங்களிடம் கேட்கப் போவது முழுக்க இதில்தான் இருக்கிறது.

2020 அக்டோபர் 23. சார்ஜாவில் மும்பையிடம் பத்து விக்கெட்டில் தோற்று நாம் பட்டியலில் அடியில் கிடந்தோம். ருதுராஜ் கெய்க்வாட் என்ற புதுப் பையன் கொரோனாவிலிருந்து எழுந்து வந்து அதுவரை ஆடியது மூன்று இன்னிங்ஸ்: 0, 5, 0. இன்று நீங்கள் சொல்வதுபோல அன்று அணியும் நினைத்திருந்தால் மிச்சம் மூன்று ஆட்டத்தைக் கடமைக்கு ஆடி முடித்திருக்கலாம். அவர்கள் அந்தப் பையனையே தொடக்க ஆட்டக்காரனாக இறக்கினார்கள். பெங்களூருவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 65. கொல்கத்தாவுக்கு எதிராக 72. பஞ்சாபுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 62. மூன்று ஆட்டமும் வெற்றி, மூன்றிலும் ஆட்டநாயகன் அவரே. அடுத்த ஆண்டு அதே ருதுராஜ் 635 ரன் எடுத்து ஆரஞ்சு தொப்பி வாங்கினார், துபாயில் கப்பும் வந்தது. 2021ன் கப்புக்கு அஸ்திவாரம் விழுந்தது 2020ல் தோற்ற ஆட்டங்களில் அல்ல, தோற்ற பிறகும் ஜெயிக்க ஆடிய அந்த மூன்று ஆட்டங்களில்.

2022ஐயும் பாருங்கள். மே 12 அன்று மும்பையிடம் 97 ரன்னில் சுருண்டு வெளியேறினோம். மூன்று நாள் கழித்து, ஒன்றுக்கும் உதவாது என்று நீங்கள் டிவியை அணைத்திருக்கக்கூடிய ஒரு ஆட்டத்தில், இலங்கையிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையன் பதிரனாவின் கையில் பந்தைக் கொடுத்தார் தோனி. ஐபிஎல்லில் தன் முதல் பந்திலேயே சுப்மன் கில்லை எல்பிடபிள்யூ ஆக்கினான் அவன். அடுத்த ஆண்டு அவன் எடுத்த 19 விக்கெட் இல்லாமல் 2023ன் கப் இல்லை.

2025லும் அதுவே நடந்தது, நீங்கள் பார்க்கத்தான் தவறினீர்கள். வெளியேற்றம் உறுதியாகி மூன்றாம் நாள், மே 3, பெங்களூரு சின்னசாமி மைதானம். பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே புவனேஷ்வர் குமாரின் ஒரே ஓவரில் 26 ரன் அடித்தான். எதிரில் இருந்தது ஐபிஎல்லில் பல வருடம் பழம் தின்று கொட்டை போட்ட பந்துவீச்சாளர். 48 பந்தில் 94 எடுத்துவிட்டு சதத்துக்குப் பக்கத்தில் அவுட் ஆனான். 214 எடுக்க வேண்டிய ஆட்டத்தில் 211 எடுத்து, இரண்டே ரன்னில் தோற்றோம். அந்த ராத்திரி அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்? அதே ராத்திரி உங்கள் ஸ்டேட்டஸ்: "சூப்பர், இதுதான் வேணும்." மாத்ரே வந்தது ருதுராஜின் முழங்கை முறிந்ததால் மாற்று வீரனாக. பிரெவிஸும் உர்வில் பட்டேலும் அப்படி மற்றவர்களின் காயத்துக்கு மாற்றாக வந்தவர்களே. தோற்றதற்குப் பரிசாக யாரும் வரவில்லை. இடையில் வந்து, எதுவும் மிச்சமில்லாத ஆட்டங்களில் உயிரைக் கொடுத்து ஆடி, அடுத்த ஆண்டுக்கான இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நூர் அகமதுவையும் மறந்துவிடாதீர்கள். கடைசி இடத்து அணிக்கு ஆடிக்கொண்டு 24 விக்கெட் எடுத்தவர். நீங்கள் தோல்வி கேட்டபோது இவர்களுடைய உழைப்பு வீணாகட்டும் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள்.

கபடி பார்ப்பவர்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம். புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் 2017லும் 2018லும் தன் பிரிவில் கடைசி, 2019ல் பன்னிரண்டு அணியில் கடைசி. கடைசி இடம் அணியைத் தூக்கிவிடும் என்றால் மூன்று முறை தூக்கிவிட்டிருக்க வேண்டும். 2022ல் 2.26 கோடிக்கு வாங்கிய பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயத்தில் போய்விட்ட பிறகு, பெயர் தெரியாத நரேந்தர் ரெய்டுக்குப் போய்ப் புள்ளி எடுத்து எடுத்து அரையிறுதி வரை கொண்டுபோனார். நம் ஊர்த் திருவிழாக் கபடிகளில் அந்த வருஷம் எத்தனை பையன்கள் நரேந்தர் மாதிரி கையை நீட்டினார்கள் என்று நீங்களே பார்த்தீர்கள்.

சரி, தோற்றால் உண்மையிலேயே பரிசு கிடைக்கும் நாட்டிலாவது இது பலித்ததா? 2020 டிசம்பரில் நியூயார்க் ஜெட்ஸ் அணி பதின்மூன்று ஆட்டமும் தோற்றிருந்தது. இன்னும் தோற்றால் ட்ரெவர் லாரன்ஸ் என்ற வீரர் அவர்களுக்குத்தான். டிசம்பர் 20 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸை 23-20 என்று ஜெயித்துவிட்டார்கள். அந்த வருஷத்தின் முதல் வெற்றிக்காக அவர்களுடைய ரசிகர்களே தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். இதைவிடப் பரிதாபமான ரசிகன் உண்டா? டெட்ராய்ட் லயன்ஸ் 2008ல் பதினாறு ஆட்டமும் தோற்று, முதல் தேர்வில் மேத்யூ ஸ்டாஃபோர்டை எடுத்தது. அவர் இருந்தவரை ஒரு பிளேஆஃப் ஆட்டத்தில்கூட அவர்கள் ஜெயிக்கவில்லை. ஜெயித்தது 2024 ஜனவரியில், அவரை வேறு அணிக்கு அனுப்பிய பிறகு. கூடைப்பந்து லீக்கான என்பிஏ 1985லேயே கடைசியாக வந்த அணிகளுக்கே முதல் தேர்வு என்பதை மாற்றிக் குலுக்கல் கொண்டுவந்தது. 2023ல் டல்லாஸ் அணி முக்கிய வீரர்களை உட்கார வைத்துத் தோற்றதற்கு ஏழரை லட்சம் டாலர் அபராதமும் போட்டது. அந்த வழக்கம் பிறந்த நாட்டிலேயே அதைக் குற்றமாக எண்ணித் தண்டிக்கிறார்கள்.

குற்றம் என்று ஏன் சொல்கிறார்கள்? உங்கள் அணி தோற்றால் அதில் நஷ்டம் உங்களுக்கு மட்டும் இல்லை. அந்த மே 25 ஆட்டத்துக்கே திரும்பிப் போங்கள். குஜராத் ஜெயித்திருந்தால் 20 புள்ளியோடு பட்டியலில் முதல் இடம், இறுதிப் போட்டிக்குப் போக இரண்டு வாய்ப்பு. நம்மிடம் தோற்றதால் 18 புள்ளியோடு மூன்றாம் இடத்துக்கு இறங்கி, எலிமினேட்டரில் மும்பையிடம் தோற்று வீட்டுக்குப் போனார்கள். நாம் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்திருந்தால் பஞ்சாபும் பெங்களூருவும் இரண்டு மாதம் உழைத்துச் சேர்த்த இடத்தைத் தட்டிப் பறித்தவர்கள் ஆகியிருப்போம். 1982 கால்பந்து உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியை ஜெயித்திருந்த அல்ஜீரியாவை, அதே மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1-0 என்று ஒப்புக்கு ஆடி வெளியே அனுப்பின. அன்றிலிருந்துதான் கடைசி லீக் ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வசதியான எதிராளி கிடைக்க வேண்டும் என்று ஷட்டிலை வலையில் அடித்துத் தோற்கப் பார்த்த நான்கு பாட்மின்டன் ஜோடிகளை அரங்கமே கூச்சல் போட்டு விரட்டியது. எட்டுப் பேரும் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

இந்தப் பாடத்தை வேறு எந்த ரசிகரைவிடவும் நாம் நன்றாக அறிவோம். அணி நிர்வாகத்தோடு தொடர்புடைய ஒருவரின் சூதாட்டத்துக்காக 2016லும் 2017லும் நம் அணி ஐபிஎல்லிலேயே இல்லை. அந்த இரண்டு வருஷமும் பக்கத்து ஊர் நண்பர்கள் நம்மை என்ன பேச்சுப் பேசினார்கள்! "உங்க ஆட்டம் எல்லாம் செட்டிங்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். நாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தோம். 2018ல் காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்குப் போனபோது விசில்போடு எக்ஸ்பிரஸ் என்று தனி ரயிலில் ரசிகர்கள் கிளம்பிப் போனார்களே, அந்த அணி ஜெயிக்கத்தான் ஆடும் என்ற நம்பிக்கையில்தானே போனார்கள்? அப்படிப்பட்ட அணியைப் பார்த்து "தோத்துக் குடு" என்று நாமே சொன்னால், அன்று நம்மைப் பழித்தவர்களின் வாயில் நாமே வார்த்தையை எடுத்துக் கொடுக்கிறோம்.

டிவி ஆட்டம் எங்கேயோ நடக்கிறது, நாம் நினைப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்காதீர்கள். நம் வட்டாரத்து டென்னிஸ் பால் டோர்னமெண்டுகளுக்கு நான் அம்பயர் நிற்கிறவன். ஒரு கோடையில், தண்ணீர் வற்றிய குளத்துக்குள் நடந்த போட்டி அது. எந்த ஊர், எந்த அணி என்று எழுதமாட்டேன். ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்ற ஒரு அணி, ஜெயித்தால் பலமான எதிராளி வருவான் என்று கணக்குப் போட்டுத் தோற்க இறங்கியது. இடுப்புயரத்துக்கு வந்த ஃபுல்டாஸையெல்லாம் தடுத்து ஆடினார்கள். பந்து போடும்போது, தன் முதல் ஓவரில் மூன்று விக்கெட் எடுத்த ஒல்லிப் பையன் ஒருவனுக்கு இரண்டாவது ஓவரைத் தரவில்லை. அவன் கேப்டனிடம் போய்க் கையை நீட்டி நீட்டிப் பந்து கேட்டான். "நீ போடாண்டாம், லாங் ஆனுக்குப் போ" என்று அனுப்பினார்கள். ஆட்டம் முடியும்வரை அவன் அங்கே இடுப்பில் கைவைத்து நின்றான், தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல். அந்த அணியின் பெரியவர்கள் பந்தலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்பயராக நின்ற எனக்கு அதைத் தடுக்க ஒரு விதியும் கையில் இல்லை.

அந்த நினைப்பு அவர்களுக்கு எங்கிருந்து வந்திருக்கும்? டிவிக்கு முன்னால் நாம் பேசுவதிலிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பெரிய அணியே கணக்குப் போட்டுத் தோற்கலாம் என்றால் ஊர் அணி ஏன் கூடாது என்று பையன்கள் கேட்கத்தான் செய்வார்கள். நம் பையன்களில் பலருக்கு அகாடமி கிடையாது, புல்தரை மைதானம் கிடையாது. பெரிய ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் டிஎன்பிஎல் நடக்கும்போது சங்கர் நகர் வரை பஸ் ஏறிப் போக வேண்டும். நம் பையன்களிடம் இருப்பது, கடைசிப் பந்துவரை விடாமல் ஆட வேண்டும் என்ற அந்த ஒரு பிடிவாதம் மட்டும்தான். அதையும் நாம் கெடுத்துவிடக் கூடாது.

ஆகையால் உங்களிடம் நான் கேட்பது இது. இந்த சீசன் நமக்கு நன்றாகப் போகலாம், போகாமலும் இருக்கலாம். பிளேஆஃப் கணக்கெல்லாம் முடிந்துபோய் இரண்டு மூன்று ஆட்டம் மிச்சம் நிற்கும் நிலை மறுபடியும் வந்தால், டிவியை அணைக்காதீர்கள். அந்த ஆட்டங்களை மற்றதைவிடக் கூடுதலாகக் கவனித்துப் பாருங்கள். நிர்வாகத்தைத் திட்ட வேண்டுமானால் திட்டுங்கள், பயிற்சியாளரை மாற்றச் சொல்லுங்கள், யாரை ஏலத்தில் எடுக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுங்கள். தோற்கட்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். முக்கியமாகப் பையன்கள் பக்கத்தில் நிற்கும்போது சொல்லாதீர்கள். முதல் ஆட்டம் ஆட ஒரு புதுப் பையன் பேட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவான். பட்டியலில் நாம் எந்த இடத்தில் இருந்தாலும் தோனிக்கு அடிக்கும் அதே விசிலை அவனுக்கும் அடியுங்கள்.